மாமா, ஒரு திருத்தம்

"சோறு. சொன்னேன். போச்சு."

அந்த மாசி மாதத்து வளர்பிறை ஞாயிற்றுக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். இது எனக்குத் தலைகுனிவு. மற்ற நாட்களைப் புரட்டினால் பாகூர் ஏரியில் தண்ணீர் எந்தப் படியைத் தொட்டது, கடைத்தெருவில் எந்த மரத்தை வெட்டினார்கள், எதிர்வீட்டு நாய் என்றைக்குக் குட்டி போட்டது என்று எல்லாம் கிழமை, திதியோடு இருக்கும். தெருவில் யாருக்காவது மகள் பெரியவளான தேதி மறந்துபோனால் என்னிடம்தான் வருவார்கள். (பெற்ற தகப்பனே வருவார்.) அப்படிப்பட்டவன், தன் வாழ்க்கை கவிழ்ந்த நாளுக்கு மூன்று சொற்களை எழுதிப் பேனாவை மூடியிருக்கிறேன். அந்தப் பதிவின் விட்டுப்போன பகுதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். யார் தவறான தகவல் சொன்னாலும் என்னால் திருத்தாமல் இருக்க முடியாது. ஒரு சாவு வீட்டில், "எண்பது வயசு ஆண்டு அனுபவிச்ச மகராசா" என்று மாரடித்து அழுதுகொண்டிருந்த அம்மாளிடம் குனிந்து, "எழுபத்தெட்டுதாங்க" என்று சொன்னவன் நான். அந்த அம்மாள் ஒரு கணம் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வேலை துணை அஞ்சலகத்தில். காலையில் போனவுடன் தேதி முத்திரையில் எழுத்தை மாற்றிப் பொருத்துவது என் பொறுப்பு. மீதி நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். இந்தத் தகுதிகளோடு முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருந்தேன். வில்லியனூரிலிருந்து கடலூர் எல்லை வரை எத்தனையோ வீடுகளில் பஜ்ஜி தின்றிருக்கிறேன். ஒரு வீட்டில்கூட சோறு வரவில்லை.

இந்தச் சோறு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எல்லாம் இதில்தான் போய் முட்டப்போகிறது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடியும் வரை ஒரு தரப்பார் மறு தரப்பாரின் சோற்றைத் தொட மாட்டார்கள். காபி குடிக்கலாம். கேசரி, பஜ்ஜி, மிக்சர் என்று வயிறு முட்டத் தின்னலாம். அதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது. ஆனால் சோற்றில் கை நனைத்துவிட்டால் "எங்களுக்குச் சம்மதம்" என்று பொருள். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும்.

கலைச்செல்வியை ஏம்பலத்தில் போய்ப் பார்த்தோம். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெட்டிகளின் மேல் அச்சாகும் தயாரிப்புத் தேதியைத் தினமும் மாற்றிச் சரிபார்க்கிற பிரிவு. காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், "போஸ்ட் ஆபீஸ்ல டெய்லி தேதி மாத்துறது நீங்கதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"நானும் அதான் மாத்துறேன்" என்றாள். சிரித்தாள். உள்ளே போய்விட்டாள்.

அதோடு நான் முடிந்தேன். இத்தனை வீடுகளில் என்னிடம் சம்பளம் கேட்டிருக்கிறார்கள், சொந்த வீடா என்று கேட்டிருக்கிறார்கள், தலைமுடி எப்போதிலிருந்து கொட்டுகிறது என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். தேதியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஆனால் முடிவு அவள் கையில் இல்லை. அப்பா அம்மா இல்லாத பெண். வளர்த்தவர் தாய்மாமா. ஏம்பலத்தில் கரும்பு வைத்திருப்பவர், பெரிய மீசை, பெரிய குரல். அவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது: சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒரு பையன். அவன் வீட்டார் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. "ரெண்டு பேரையும் பாத்துட்டு சொல்றேன்" என்று மாமா சொல்லியிருந்தார். சிங்கப்பூருக்கும் பாகூர் துணை அஞ்சலகத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசித்து நான் ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

இந்த நிலையில்தான், வெளியே எங்காவது உட்கார்ந்து கொஞ்சம் பேச வேண்டும் என்று கலைச்செல்வி சொல்லியனுப்பினாள். எனக்கு இறக்கை முளைத்தது. மாமாவின் பதில் பின்னாலேயே வந்தது: "பேசட்டும். நாங்களும் வரோம்."

ஆக அவர் தரப்பில் மாமா, அத்தை, கலைச்செல்வி. என் தரப்பில் நான், அம்மா, அக்கா. இடத்தை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சாதாரண ஆள் என்றால் வில்லியனூரில் நல்ல பரோட்டா கடைக்குக் கூட்டிப் போயிருப்பான். நான் படித்தவன் அல்லவா? அவள் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஜப்பான்காரர்கள் வந்து போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வில்லியனூரிலிருந்து திருவாண்டார்கோயில் போகிற சாலையில் அவர்களுக்காகவே ஒரு சின்ன ஜப்பானியக் கடை திறந்திருந்தார்கள். கோழியைத் துண்டு துண்டாக மூங்கில் குச்சியில் கோத்து, கரி நெருப்பில் சுட்டுக் கொடுப்பார்கள். யாக்கிட்டோரி என்று பெயர். அங்கே போனால் நான் உலகம் தெரிந்தவன் என்று அவள் நினைப்பாள் என்று நான் நினைத்தேன். (அவளுக்கு அன்றைக்குப் பரோட்டாதான் வேண்டியிருந்ததாம். பிற்பாடு சொன்னாள்.)

போவதற்கு முன் கைபேசியில் ஒரு நீண்ட கட்டுரையைப் படித்துத் தயாரானேன். எந்தத் துண்டு முதலில் வரும், எதற்கு உப்பு, எதற்குச் சாஸ், குச்சியிலிருந்து கறியை உருவிப் போடாமல் அப்படியே கடித்துத் தின்பதுதான் சமையல்காரருக்கு மரியாதை என்று எல்லாம் அதில் இருந்தது. பாதியில் கட்டுரை மங்கி, மீதியைப் படிக்கச் சந்தா கட்டச் சொன்னது. கோழியைப் பற்றி இதற்கு மேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மூடிவிட்டேன். என் கல்யாணம் அந்த மீதிப் பாதியில் இருந்தது.

மாமாவின் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கடையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஓட்டல்னு சொன்ன. இது நம்ம அரிசி மண்டியாச்சே. இங்க நானே மூட்ட எறக்கிகீறேன்."

உண்மைதான். அது முன்பு அரிசி மண்டி. பக்கச் சுவரில் பழைய எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. "இப்ப ஓட்டல் ஆயிட்டுதுங்க மாமா" என்றேன். (எந்த ஆண்டு மண்டி மூடப்பட்டது என்பதையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.)

உள்ளே மேசை நாற்காலி எதுவும் இல்லை. வரிசையாக முக்காலி போட்ட ஒரே ஒரு நீண்ட பலகை. அதற்கு அந்தப் பக்கம் கரி அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் தலையில் துணியை முறுக்கிக் கட்டிய ஜப்பான்காரர் ஒருவர் விசிறியோடு நின்றார். நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம்: சுவரோரம் மாமா, அடுத்து அத்தை, அடுத்து கலைச்செல்வி, நான், அம்மா, அக்கா. அத்தை நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்ததும் மாமா முழுக்க மறைந்துபோனார். அங்கிருந்து அவர் குரல் மட்டும்தான் வந்தது.

"இன்னாபா இது? சம்பந்தம் பேச வந்தா ஒர்த்தர் மூஞ்ச ஒர்த்தர் பாக்கணும். இங்க எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி அடுப்ப பாத்துகினு ஒக்காந்துகீறோம்."

பரிமாற வந்தவள் வில்லியனூர்ப் பெண், பெயர் ஸ்டெல்லா. வாய் நிறையச் சிரிப்பு. "எல்லாருக்கும் செட்டுதானே சார்? அவரே ஒண்ணு ஒண்ணா சுட்டு வெச்சிகினே இருப்பாரு. நீங்க துன்னுகினே இருக்க வேண்டியதுதான்" என்றாள்.

"எனக்கு தண்ணி மட்டும் போதும்மா" என்றது மாமாவின் குரல். "பேச்சு இன்னும் முடியல. முடியாம நாங்க கை நனைக்கறது இல்ல."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஏதாவது பேசுடா என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் என் படிப்பு வேலை செய்யத் தொடங்கியது.

"மாமா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா கை நனைக்கறதுன்னா சோறுதானுங்களே? இங்க சோறே கிடையாது."

"ஓட்டல்ல சோறு இல்லியா?"

"வெறும் கோழிதானுங்க. பஜ்ஜி மாதிரி நெனச்சிக்குங்க. குச்சியில வர்ற பஜ்ஜி."

"கடேசில ரசம், மோர் ஊத்தறன்னு சோத்த கொணாந்து வெப்பான்."

"ஒரு பருக்கை கிடையாதுங்க மாமா. நான் படிச்சிருக்கேன்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

அம்மா சாட்சி சொன்னாள்: "புள்ள சொன்னா கரெக்டா இருக்கும்ணே. எப்ப பாத்தாலும் படிச்சிகினேதான் கெடப்பான்."

கரியில் கொழுப்பு சொட்டி ஒரு புகை எழுந்து மாமா பக்கமாகப் போனது. அந்த வாசனையும் என் வாதத்துக்கு உதவி செய்திருக்க வேண்டும்.

"அப்ப சரி. பலகாரம்னா துன்னலாம்."

ஸ்டெல்லா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவன் யாரையும் கேட்க மாட்டான்.

அதன் பிறகு ஒரு மணி நேரம்போல என் வாழ்க்கையின் மிக இனிமையான பொழுது. (அது இனிமையான பொழுது என்று அப்போது தெரியாது. அதுதான் கொடுமை.) தொடைக்கறி வந்தது. ஈரல் வந்தது. தோலைச் சுருட்டிச் சுருட்டிக் கோத்து மொறுமொறுவென்று சுட்டது வந்தது. கொத்துக்கறி உருண்டை வந்தது. மாமா ஒவ்வொன்றுக்கும் அத்தைக்குப் பின்னாலிருந்து தீர்ப்புச் சொன்னார்.

"இது நல்லா கீது. இது உப்பு கம்மி. ஏம்மா, அந்த வால் எடத்த வீணாக்கிடாதன்னு அவராண்ட சொல்லு. அதான் ருசி."

ஸ்டெல்லா ஏதோ சைகை காட்டினாள். ஜப்பான்காரர் முகம் மலர்ந்து, கோழியின் வால் பகுதியாகவே கோத்த ஒரு குச்சியை மாமாவுக்கு வைத்தார். மாமா அவரைப் பார்த்து மீசையைத் தடவினாராம். அவர் குனிந்து வணங்கினாராம். இருவரும் ஒரு மொழியும் இல்லாமல் சம்பந்திகள் மாதிரி ஆகிவிட்டார்கள் என்று பின்னால் ஸ்டெல்லா சொன்னாள்.

அத்தை, "கொழம்பு எதுனா கெடைக்குமா?" என்று ஒரு தடவை கேட்டார். கிடைக்காது என்று தெரிந்ததும், காலியான குச்சிகளைத் துடைத்துத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "மல்லிச்செடிக்கு முட்டு குடுக்க ஆவும்." அக்கா தன் பங்குக் குச்சிகளையும் அவரிடம் நீட்டினாள். இரண்டு குடும்பமும் நெருங்குகிறது என்று எனக்குள் ஒரு குதூகலம்.

"தம்பி" என்றது சுவரோரக் குரல். "பாகூர் ஏரி இந்த வருஷம் எப்படி?"

இதைக் கேட்க எனக்கு இத்தனை வருடமாக யாரும் கிடைக்கவில்லை. மதகிலிருந்து தொடங்கினேன். முன் வருடத்துக்கு வந்தேன். அதற்கும் முன் வருடத்துக்குப் போனேன். கலைச்செல்வி தன் முழங்கையால் என் முழங்கையை இடித்தாள். முதல் தொடுகை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கம்முனு இருங்க" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே, உதடு அசையாமல். "மாமா நல்ல மூட்ல கீறாரு. இதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க."

"சரி" என்றேன்.

அந்தச் சரியை நான் காப்பாற்றியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை. மாமா அத்தையிடம் சொன்னதுகூட என் காதில் விழுந்தது: "ஆளு கொஞ்சம் லொடலொடன்னு பேசறான். கெட்டவன் இல்ல." ஒரு கரும்பு விவசாயியின் வாயிலிருந்து இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. எல்லாம் முடிந்த மாதிரிதான். இனி எழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியது.

அப்போது ஜப்பான்காரர் ஒரு தட்டை எடுத்தார்.

அவர் நின்றது என் பக்கத்து முனையில். தட்டில் முக்கோணமாகப் பிடித்த வெள்ளை உருண்டைகள். கம்பிவலை மேல் வரிசையாக வைத்தார். புரட்டினார். சாஸைத் தூரிகையால் தடவினார். மறுபடி புரட்டினார். வெள்ளை மெல்லப் பழுப்பானது. ஓரம் கருகியது. ஆனால் அதற்கு முன் நான் பார்த்துவிட்டேன். பருக்கை பருக்கையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். நான் நெல் விளையும் பாகூர்க்காரன். சோற்றை எந்த வேஷத்தில் பார்த்தாலும் தெரியும்.

"ஒரு பருக்கை கிடையாது" என்று நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது. ஸ்டெல்லாவைத் தேடினேன். அவள் பின்கட்டில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு இலையைச் சுற்றி (கடற்பாசியாம்) எல்லோர் முன்னும் வைத்துவிட்டார்.

"இது இன்னா?" என்றது மாமாவின் குரல். "அடையா?"

கடிக்கிற சத்தம் கேட்டது. மொறுமொறுவென்று.

"நல்லா கீதே!"

அத்தையும் கடித்தார். மென்றார். "நம்ம வூட்ல பானை அடியில ஒட்டிகினு இருக்குமே காந்த சோறு, அது மாதிரி கீது" என்றார்.

"ஏய், கம்முனு துன்னு" என்றார் மாமா.

இப்போது யோசித்தால் அந்த மூன்று சொல்லில் எல்லாமே இருந்தது. அன்றைக்கு என் காதில் அது ஏறவில்லை. என் மனசில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றுதான்: நான் ஒரு தவறான தகவலைச் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி ஒரு பெரிய மனிதர் செயல்பட்டுக்கொண்டிருக்கிறார். பதிவு பிழையாகப் போய்க்கொண்டிருக்கிறது. கலைச்செல்வி என் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் புரிந்திருந்தது. கண்ணாலேயே "வேணாம்" என்றாள்.

"மாமா, ஒரு திருத்தம்" என்றேன்.

"இன்னா தம்பி?"

"நான் முன்னாடி சொன்னதுல ஒரு பிழை ஆயிட்டுதுங்க. இது அடை இல்ல. சோறு."

"சோறா?"

"சோத்த உருட்டி சுட்டதுங்க."

முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம். மாமா விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். ஒரு கன்னம் உப்பியிருந்தது, அது மட்டும் தெரிந்தது. வெளியே குழாயடியில் வாய் கொப்பளிக்கிற சத்தம். அத்தை பின்னாலேயே ஓடினார். "முழுங்கிட்டிங்களா? இல்லியா? முழுங்கிட்டிங்களான்னு கேக்கறன் இல்ல!"

திரும்பி வந்தபோது மாமாவின் மீசை சொட்டிக்கொண்டிருந்தது. "ஒரு பருக்கை இல்லன்னு சொல்லி என்னை இட்டாந்து, வாயில சோத்த திணிச்சி, சம்மதம்னு எழுதிக்க பாத்தியா? இதான் போஸ்ட் ஆபீஸ் புத்தியா?"

"ஐயோ இல்லீங்க மாமா..."

அம்மா பாய்ந்து வந்தாள். அம்மாவின் மூளை நெருக்கடியில்தான் வேலை செய்யும். "அண்ணே, ஒரு நிமிஷம். சாஸ தடவி நெருப்புல சுட்டா அது சோறா? இட்லியும்தான் அரிசி, தோசையும்தான் அரிசி. அதெல்லாம் பலகாரம் இல்லியா? இதுவும் பலகாரம்தாண்ணே!"

மாமா நின்றார். மீசையைத் துடைத்தார். என் அம்மா ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டாள், அவர் கௌரவமாக உள்ளே வந்துவிடலாம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நான்தான் அந்த வாசலைச் சாத்தினேன்.

"இல்லம்மா. இட்லி அரைச்ச மாவு. இது அரைக்கல. வடிச்ச சோறுதான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையில்.

பாவம், ஜப்பான்காரர். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தான் சுட்டது பிடிக்காமல்தான் பெரியவர் எழுந்து போய்த் துப்பினார் என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது. அவசர அவசரமாக இன்னும் இரண்டு முக்கோணத்தைச் சுட்டுத் தட்டில் வைத்து, இடுப்பு வரை குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஜீப் வரை ஓடினார். மாமா ஜீப்பைக் கிளப்பினார். ஜன்னல் வழியே தட்டு உள்ளே போனது.

"மறுபடியும் சோறா!" என்று மாமா கத்தியது சாலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

ஸ்டெல்லா வந்து, "கடேசில எப்பவும் அதுதான் சார் குடுப்பாரு. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பேனே" என்றாள்.

ஜீப் நகரும்போது பின்சீட்டிலிருந்து கலைச்செல்வி தலையை நீட்டினாள். கோபம்கூட இல்லை. சலித்துப்போன முகம். "டெய்லி தேதிய மாத்துற கை. அதால ஒரு தபா வாய மூடிக்கக் கூடாதா?" என்றாள். ஜீப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உன்ன பள்ளிக்கூடத்துல சேத்திருக்கவே கூடாது" என்று மட்டும் சொன்னாள். நான் நாட்குறிப்பை எடுத்து மூன்று சொல் எழுதினேன்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. முத்திரையில் தேதியை மாற்றும்போதெல்லாம் திருவாண்டார்கோயிலில் அவளும் மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைவு வரும். ஒரு காலை மாற்ற மறந்தே போனேன். என் பணிக்காலத்திலேயே முதல் தடவையாக, பாகூரில் அரை நாள் தபால் முழுக்க முந்தைய நாளில் கிடந்தது. அதிகாரி கேட்டதற்கு, "நான் இன்னும் அந்த நாளிலேயே இருக்கேன் சார்" என்று சொல்ல நினைத்தேன். விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஏம்பலத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டீக்கடையில் பஞ்சாயத்தே நடந்திருக்கிறது. சோறு தின்றாகிவிட்டது, வார்த்தை வார்த்தைதான் என்று ஒரு கட்சி. ஏமாற்றிப் போட்ட சோறு செல்லாது என்று ஒரு கட்சி. முழுங்கினால்தான் கணக்கு, கடித்ததெல்லாம் கணக்கில்லை என்று மூன்றாவது கட்சி. மாமா மூன்றாவது கட்சியில் சேர்ந்து, தான் முழுங்கவே இல்லை, குழாயடியில் துப்பிவிட்டேன் என்று சாதித்தார். இதற்குள் பேச்சு சிங்கப்பூர்ப் பையன் வீட்டுக்கும் எட்டிவிட்டது. "வேற எடத்துல கை நனைச்சவங்க வூட்டுக்கு நாங்க எப்படி வரது?" என்று அவர்கள் வராமலே நின்றுவிட்டார்கள்.

அப்படியும் மாமா அசையவில்லை. கடைசியில் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு அத்தை கேட்டார்: "யாருனா பாத்திங்களா? முழுங்கினாரா இல்லியா?"

"முழுங்கினாரு" என்றாள் கலைச்செல்வி. "நான் பாத்தேன். தொண்ட எறங்கிச்சி."

மாமா அவளை நெடுநேரம் பார்த்தாராம். பிறகு, "புள்ள பொய் சொல்லாது. அப்ப முழுங்கிதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அந்த வாரமே தாம்பூலம் மாற்றினோம்.

அதனால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை என் நிலைமை இதுதான்: எந்தப் பந்தியிலும் நான் பேசக் கூடாது. இலை போட்டதும் கலைச்செல்வி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். மாமாவுக்குச் சோறு விழுந்ததும் மூலையிலிருந்து எவனாவது ஒருவன் "மாமா, ஒரு திருத்தம்!" என்று கத்துவான், பந்தியே அதிரும். மாமா மீசையைத் தடவிக்கொண்டு புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவருதான் எனக்கு சோறு போட்டவரு" என்பார். அக்காவின் பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியரைத் திருத்தினால், "உங்க மாமாவாட்டம் ஆயிடாதீங்கடா" (அந்த மாமா நான்) என்று அக்கா அடிப்பாள். அத்தை வீட்டு மல்லிச்செடி அந்தக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறது.

பதிவை முழுமைப்படுத்த வேண்டும் என்பதற்காக ஒரு நாள் கலைச்செல்வியிடம் கேட்டேன். அன்றைக்கு உட்கார்ந்த வரிசையைத் தாளில் வரைந்து காட்டினேன். மாமா சுவரோரம், நடுவில் அத்தை, அப்புறம்தான் நீ. மாமா எழுந்தும் வாசலைப் பார்த்துதான் போனார். அவர் தொண்டையை நீ எப்படிப் பார்த்திருக்க முடியும்?

"உங்களுக்கு இப்ப அதுவா முக்கியம்?" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "மாமா கரும்பு வெச்சாலும் மூணு வேளையும் சோறு துன்ற ஆளுங்க. வாயில போட்டா சோறுன்னு தெரியாதா அவருக்கு? தெரிஞ்சிதான் துன்னாரு. அத்தைய கம்முனு துன்னுன்னு சொன்னாரு இல்ல? அவரு மனசார சரின்னு சொல்ற நேரத்துலதான் நீங்க திருத்தம்னு ஆரம்பிச்சீங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை அன்றைக்கு.

மாமாவிடமே கேட்டுவிடலாம் என்று போன தீபாவளிக்கு ஏம்பலம் போனபோது வாயைத் திறந்தேன். "மாமா, அன்னைக்கு அது சோறுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு..."

"மாப்ள" என்றார். "வாய மூடிகினு துன்னுங்க."

ஆகவே, நான் சொல்வதற்கு முன்பே அது சோறு என்று மாமாவுக்குத் தெரியுமா என்பது இந்தத் தேதி வரை உறுதிசெய்யப்படவில்லை.